செம்பை எடுத்த பிறகு

மழையில் நனைந்த பஸ் கம்பியின் வாசனை, பள்ளியில் நான் சொன்ன ஒரு பொய்யை நினைவில் எழுப்பிக்கொண்டிருந்தது. ஆவுடையார்கோவிலிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ். முன் சீட்டில் வேதியியல் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண்ணும் அவளுடைய தாய்மாமனும்.

"செம்பை எடுத்ததும் ரெண்டு வளையமும் தனித்தனியாப் போயிருச்சு மாமா."

"வெளங்குற மாதிரி சொல்லு தாயி."

"கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறு மாமா. செம்பு அணுவைப் போட்டா, நூல் மாதிரி ரெண்டு துண்டு தானா வந்து அதைச் சுத்திக் குறுக்க உக்காந்துக்கும். நுனிகளை மூடி வளையமாக்கிட்டு, செம்பை எடுத்துரணும். எடுத்தாலும் சங்கிலிக் கண்ணி மாதிரி கோத்தே நிக்கணும். எனக்கு நிக்கல."

"மறுபடி செய்யி. வெதச்சதெல்லாமா மொளைக்குது?"

"செம்பு இருக்கும்போது எடுத்த ரிசல்ட்டை மட்டும் காட்டி, கோத்துருச்சுன்னு எங்க கைடு சார்கிட்ட சொல்லிட்டேன். அவரு அதை வச்சுப் பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பப் போறாரு."



"ஊரு முக்குல ஒனக்கு ஃப்ளெக்ஸ் வச்சிருக்கேனே ஆத்தா. விஞ்ஞானின்னு போட்டு, ஓரத்துல என் போட்டோவும்."

"அதைப் பாத்துட்டுத்தான் வந்த அன்னைக்கு நம்ம ஸ்டாப்புல எறங்கல. அடுத்த ஸ்டாப் போயி, வயக்காட்டு வழியா நடந்து வந்தேன்."

"என் மொகரை அம்புட்டு மோசமாவா இருக்கு?"

அவள் சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அவள் பையை அவர்தான் எடுத்துக் கொடுத்தார்.

"திருச்சி பஸ் அங்கிட்டு நிக்கிது. போனதும் சார்கிட்ட சொல்லிரு. நான் ஃப்ளெக்ஸைக் கழட்டிர்றேன். கேக்குறவங்ககிட்ட காத்துல கிழிஞ்சிருச்சுன்னு சொல்லிக்கிறேன்."

"வேணாம் மாமா. நான் பொய் சொல்லிட்டேன்னே சொல்லுங்க."