மீனவராக நடிக்கத் தெரியாத பாக் ஜூசோ

ஆறும் கடலும் கைகோக்கும் இக்கரையில் நடைபெறும் விழாவுக்குத் தலைமை தாங்கும் பாரம்பரியக் குழுத் தலைவர் துவான் ரிட்சுவான் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, முகத்துக்கு நேரே உண்மை பேசும் தாய்மார்களே, தோழர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

நம் கோலா செராய் பழம்பெருமை வாய்ந்த துறைமுகம். பாய்மரங்கள் பணிந்து நின்ற துறை. பட்டும் பாக்கும் பல்லாண்டு இறங்கிய துறை. இத்துறைக்கு ஒரே ஒரு குறை இருந்ததாம். என்ன குறை? மீனவர்கள் இருந்தார்கள்.

சிரிக்காதீர்கள். தலைவரின் குழு கண்டுபிடித்த குறை அது. படகின் எண்ணெய் நாற்றம் வரலாற்றுக்கு ஆகாதென்று படித்துறையைப் பூட்டி, படகுகளை மேலாற்றுச் சேற்றுக்குத் துரத்தினார்கள். நீர் வற்றினால் அங்கே படகு நகராது. படகு நகராவிட்டால் அடுப்பு எரியுமா?

பிறகு பயணிகள் வந்தார்கள். “துறை இருக்கிறது, மீனவர் எங்கே?” என்று கேட்டார்கள். குழு கூடியது, குழம்பியது, மீனவராக நடிக்க ஆட்கள் தேவை என்று அறிவித்தது.

வாழ்நாளெல்லாம் கடலில் கிடந்த நம் மீனவப் பெரியவர் பாக் ஜூசோ, வேறு வழியின்றித் தேர்வுக்குப் போனார். பந்தாட்டச் சட்டையோடு நின்றவரை அதிகாரி ஏற இறங்கப் பார்த்தார்.

“பாக், உங்களப் பாத்தா மீனவர் மாதிரியே தெரியலையே.”

“வேற என்ன மாதிரி தெரியுது, துவான்?”

“அது தெரியல. மீனவர் மாதிரி இல்ல.”

வேலை துணிக்கடை ஃபட்லிக்குக் கிடைத்தது. தலைப்பாகை அவருக்கு எடுப்பாம். வீடு திரும்பிய பாக் ஜூசோ, மனைவி மாக் செனாவிடம், “கடலுக்குப் போறவன் வேணாமாம். கடலப் பாத்துக்கிட்டு நிக்கிறவன் போதுமாம்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

சென்ற ஆண்டு விழா நினைவிருக்கிறதா? ஃபட்லியும் இரு நடிகர்களும் அலங்காரப் படகிலிருந்து கையசைத்தார்கள். கரை கைதட்டியது. வடியும் நீர் கைதட்டலுக்கு நிற்குமா? படகை முகத்துவார மணல்திட்டை நோக்கி இழுத்தது. ஃபட்லி துடுப்பை நழுவவிட்டுக் கதறினார். அற்புதமான நடிப்பு என்று நம் தலைவர் மெச்சினார். ஆமாம் அக்கா, நானும் காதால் கேட்டேன்.

சேதி மேலாற்றுக்கு ஓடியது. பாக் ஜூசோவின் படகோ சேற்றில் கிடந்தது.

“நம்மள வெரட்டுனவங்க ஆளுங்கதானே?” என்றாள் அங்கிருந்த பெண்களில் ஒருத்தி.

“அவன் நீச்சல் தெரியாத துணிக்கடைக்காரன்டி. பேசாம தள்ளு” என்றார் மாக் செனா.

இடுப்பளவு சேற்றில் இறங்கிப் பெண்கள் தள்ளினார்கள். பாக் ஜூசோ மூவரையும் உயிரோடு கொண்டுவந்து, பூட்டிய படித்துறையிலேயே படகைக் கட்டினார். மறுநாள் எல்லாப் படகுகளும் அங்கே வந்து கட்டின.

கயிறுகளை அறுக்கக் குழு ஆளனுப்பியது. குறுக்கே வந்து உட்கார்ந்தவர் யார் தெரியுமா? ஃபட்லி. கயிற்றை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

“கயித்த அறுக்கணும்னா மொதல்ல என்னய அறுங்க. இந்த வேலையும் எனக்கு வேணாம்.”

வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். படகுகள் அங்கேயே நிலைத்தன. இன்றோ என் முதுகுக்குப் பின்னால் பதாகை தொங்குகிறது: ‘மீனவர் மரபை மீட்ட குழுவுக்குப் பாராட்டு விழா’. தலைவர் அவர்களே, உங்களிடமிருந்து மீட்டதற்கு உங்களுக்கே பாராட்டா?

துறைமுகம் எது? சுண்ணாம்புச் சுவரா? சுட்டிக்காட்டும் பலகையா? போனவன் திரும்பி வரும்போது பூட்டாமல் இருக்கும் கரை அல்லவா துறைமுகம்?

பாக் ஜூசோவுக்கு இம்மேடையில் நாற்காலி இல்லை. அதோ, முகத்துவாரத்தில் அவர் படகு தெரிகிறது. கயிறு பிடிக்க ஆள் வேண்டும், நான் இறங்குகிறேன். முகம் சிவந்தும் எழுந்து போகாத தலைவருக்கு நன்றி. உங்கள் எல்லோருக்கும் என் அன்பு வணக்கம்.