நெமேயா நிலவறையில் ஒரு தீக்குச்சி

மாலை ஏழரை மணி. கிரேக்க நாட்டில் நெமேயா என்ற ஊருக்குப் போகும் மலைச்சாலையில் ஒரு கார். முன்னும் பின்னும் ஒரு வண்டி இல்லை... இருபுறமும் திராட்சைக் கொடி.

“ஏலே, கோயில்பட்டில கரண்டு போனதுக்கு நீ கிரேக்கம் வரைக்கும் போவணுமாக்கும்?” என்று இருட்டில் என் கதையை வெட்டினான் முத்துசெல்வம்.

“பொறுலே, கேளு” என்றேன்.

காரில் போனவர், இதோ உட்கார்ந்திருக்கும் ஆஸ்லினின் தாய்மாமா எட்வர்ட். இடைசெவல்காரர். சரக்குக் கப்பலில் வேலை. கப்பல் சமையல்காரரின் குடும்பம் அங்கே தலைமுறையாக ஒயின் செய்கிறது. பார்க்கலாம் வா என்று அவர்தான் கூட்டிப்போனார்.

நிலவறைப் படியிலேயே புளித்த பழ வாசனை. தொட்டிகளில் நுரை சிர்ரென்று பொங்கும் சத்தம். சமையல்காரரின் அப்பா ஒரு மெழுகுவர்த்தியை முழங்கால் உயரத்தில் பிடித்தபடி முன்னால் நடந்தார். காரணம் இருக்கிறது. சாறு புளிக்கும்போது ஒரு வாயு வரும். காற்றைவிடக் கனம். தண்ணீர் மாதிரி தரையில் தேங்கி, மெல்ல மேலே ஏறும். அதில் சுடர் நிற்காது. சுடர் நிற்காத இடத்தில் ஆளும் நிற்க முடியாது. நாலு மூச்சில் கால் மடங்கிவிடும். பழைய கிணற்றில் இறங்குமுன் நாம் வாளியில் விளக்கு இறக்கிப் பார்க்கிறோமே, அதேதான்.

எட்வர்டுக்கு அது நன்றாகத் தெரியும். மூன்று வருடம் முன் தூர் வாரக் கிணற்றில் இறங்கிய அவர் தம்பி ஆண்ட்ரூஸ் உயிரோடு ஏறவில்லை. “வெளக்கு எறக்கிப் பாத்தேன். நின்னு எரிஞ்சுது” என்று தம்பி மனைவி ஸ்டெல்லாமேரியிடம் பைபிள் மேல் கைவைத்துச் சொன்னார்.

விளக்கே இறங்கவில்லை. தம்பி கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது, பெட்டியில் இருந்த கடைசிக் குச்சியில் இவர் சிகரெட் பற்றவைத்துவிட்டார்.

“அண்ணே, குச்சி இருக்கா?”

“தீந்துபோச்சுலே. நேத்தும் எறங்குனோம்லா... எறங்கு.”

வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டும் ஊரில், ஒரு குச்சி இல்லை.

நிலவறையில் கடைசித் தொட்டியருகே சுடர் மங்கியது... அணைந்தது. கிழவர் எட்வர்டின் சட்டையைப் பிடித்துப் படிப்பக்கம் இழுத்தார். பாதி ஏறியிருப்பார்கள். பின்னால்... சரக்.

குச்சி உரசும் சத்தம். மருந்து வாசனை. அதோடு கிணற்றுச் சேற்று வாடை.

எட்வர்ட் திரும்பினார். தரையை ஒட்டி ஒரு சிறு சுடர். ஆடவே இல்லை.

“அண்ணே... நின்னு எரியுது. எறங்கு.”

கிழவர் பிடியை விட்டிருந்தால் எட்வர்ட் இறங்கியிருப்பாராம். ஊர் திரும்பியதும் ஸ்டெல்லாமேரியிடம் உண்மையைச் சொல்லி அழுதார். அவள் கேட்டது ஒன்றுதான்: “அந்த சிகரெட்ட முழுசாக் குடிச்சீயளா?” கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆஸ்லின் மெல்லச் சொன்னாள்.

“சின்ன மாமா செத்த கெணத்த முள்ளு போட்டு மூடிட்டாவ. மாமா தெனமும் போயி எட்டிப் பாக்காவ. நேத்து கூட்டியாரப் போனப்ப நானும் பாத்தேன்...”

“என்னட்டி பாத்த?” என்றான் முத்துசெல்வம்.

“நின்னுதான் எரியுது.”