பள்ளிக்கூடத்து அம்மாவின் புகார்

எங்கள் செய்தியில் கீழே ஓடுகிற எழுத்து வேகமாகப் போய்விடுகிறது என்று ஊரில் எல்லோரும் குறை சொல்வார்கள். நியாயமான குறைதான். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் 'இன்று காலை' என்பதைத் தாண்டுவதற்குள் அடுத்த சாவு வந்துவிடும். நானே செய்தி ஆசிரியரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். "மெதுவா ஓடவிட்டா விஷயம் இல்லைன்னு தெரிஞ்சுடும்யா" என்றார்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் கேட்டது அந்தப் பள்ளிக்கூடத்து அம்மாவின் போன் நம்பரை. சொல்கிறேன். அதற்கு முன்னால் எங்கள் நேயர் போன் எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் உங்களுக்கு விளங்கும்.

நான் படித்து இந்த வேலைக்கு வந்தவன் இல்லை. மீசை முளைக்கும் முன்பே தலையில் சும்மாடு வைத்தவன். சிமென்ட் கிடங்கில் மூட்டை தூக்கினேன். அந்தக் கிடங்கு முதலாளிதான் பிற்பாடு இந்த உள்ளூர் டிவியைத் தொடங்கினார். சிமென்ட் தூசி மூக்கில் புகுந்தால் சளியே கல்லாக வரும். அப்படி வேலை செய்கிறவர்களுக்கு ஓய்வு நேரத்தில் சிரிக்க ஏதாவது வேண்டும். நான் குரல் மாற்றிப் பேசுவேன். மேஸ்திரி மாதிரி, லாரிக்காரன் மாதிரி, லாரிக்காரன் பெண்டாட்டி மாதிரி. ஒருநாள் மூட்டை அடுக்குக்குப் பின்னால் நின்று மேஸ்திரி குரலில் "இன்னிக்கு வேலை போதும், கிளம்புங்க" என்றேன். பாதிக் கிடங்கு வீட்டுக்குப் போய்விட்டது. எனக்கு 'ரேடியோ' என்று பேர் வைத்தது கொக்கி அண்ணன்.

கொக்கி என்பதும் வைத்த பேர்தான். மூட்டையைக் குத்தி இழுக்கிற இரும்புக் கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டே தூங்குவார். நான் லாரிக்கு ஏறுகிற பலகையில் வழுக்கி மூட்டையோடு விழுந்து, முதுகெலும்பில் ஏதோ நகர்ந்து, குடத்துத் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன காலத்தில், எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அவரால்தான். தன் கூலியில் பாதியை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, "தங்கச்சி, இது ரேடியோவுக்கு பேட்டரி வாங்க" என்பார். இதை நான் மறைக்கவில்லை. மறைக்கிறவனாக இருந்தால் இங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

முதலாளி இரக்கப்பட்டு என்னை டிவி ஆபீசில் போன் எடுக்கப் போட்டார். செய்தி முடிந்ததும் 'நேயர் குரல்' என்று ஒரு பகுதி. செய்தியைப் பற்றி நேயர்களின் கருத்து, குறை, கோரிக்கை. மெத்தைக் கடைக்காரர் ஒருவர் அதற்கு விளம்பரம் கொடுத்தார்.

ஆனால் நேயர்கள் எதற்குப் போன் செய்வார்கள் தெரியுமா? கரண்ட் எப்போது வரும் என்று கேட்பார்கள். நேற்று சீரியலைப் பாதியில் ஏன் வெட்டினீர்கள் என்பார்கள். செய்தி வாசிக்கிற பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று ஒருத்தர் தினமும் விசாரிப்பார். ஒரே ஒருத்தர் ஒழுங்காகக் குறை சொன்னார்: "போன மழைக்குக் காட்டின சாக்கடையையே இந்த மழைக்கும் காட்டுறீங்க. அதே பன்னி அதே இடத்துல நிக்குது." அருமையான குறை. செய்தி ஆசிரியர் அதைப் போடக் கூடாது என்றார். போட முடிகிற குறை வருவதில்லை. வருகிற குறையைப் போட முடியாது. இதுதான் நிலைமை.

முதலாளி ஒருநாள் என் மேசைக்கு வந்தார். "போன் அடிக்கலைன்னா போன் எதுக்கு? போன் எதுக்குன்னா, எடுக்க ஆள் எதுக்கு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் போடுகிற மாதிரி சொன்னார். அன்று வீட்டில் சொன்னபோது என் மனைவி, "இதையும் விட்டுட்டு வந்தா, நான்தான் உன்னைத் தூக்கிச் சுமக்கணும். என் இடுப்பு தாங்காது" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். முதுகு போன கூலியாளை எதற்குச் சமம் என்று சொல்வது? கிழிந்த சாக்கையாவது வாசலில் கால் துடைக்கப் போடுவார்கள்.

ஆகவே நானே நேயர்களைக் கொண்டுவந்தேன். பின்னறையில் இருக்கும் இன்னொரு போனிலிருந்து பேசினால் வெளியிலிருந்து வருகிற மாதிரியே கரகரக்கும். முதலில் ஓய்வு பெற்ற வாத்தியார் வந்தார். நாக்கைக் கொஞ்சம் மடித்துக்கொண்டால் அவர் வந்துவிடுவார். உச்சரிப்பில் பிழை பிடிப்பார். அடுத்து தையல்காரர். உதட்டில் ஊசியைக் கடித்துக்கொண்டு பேசுகிறவர், அரசாங்கத்தின் மேல் அதிருப்தி. பிறகுதான் பள்ளிக்கூடத்து அம்மா. அந்த அம்மாவுக்கு உட்கார்ந்து பேச வராது. நின்றுகொண்டு, அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்த அவசரத்தில் பேசுவார். "நீங்க மந்திரி மாலை போட்டதைக் காட்டுறீங்க, எங்க தெருப் பள்ளிக்கூட வாசல்ல குழி இருக்கு, அதை யாரு காட்டுவா?" என்று கேட்டார். மறுநாளே குழி மூடப்பட்டது. நான் மூட்டை தூக்கிய காலமெல்லாம் சேர்த்தாலும் இந்த ஊருக்கு அப்படியொரு நன்மை செய்ததில்லை.

மெத்தைக் கடைக்காரருக்கு அந்த அம்மாவின் மேல் மரியாதை வந்து, சிறந்த நேயர் என்று ஒரு மெத்தை பரிசளித்தார். அந்த அம்மா சார்பில் நான் வாங்கிக்கொண்டேன். முதுகுக்கு இதமாக இருந்தது.

கண்டுபிடித்தவர் கொக்கி அண்ணன் ஒருவர்தான். கிடங்குக்கு மூட்டை தூக்கும் இயந்திரம் வந்த பிறகு அவர் பழைய பேப்பர், பிளாஸ்டிக் பொறுக்கிக்கொண்டிருந்தார். முதுகில் சாக்கு, கையில் அதே கொக்கி. டீக்கடை டிவியில் பார்த்துவிட்டு ஆபீசின் பின்வாசலுக்கு வந்தார்.

"டேய் ரேடியோ, அந்த வாத்தியாருக்கு ஒரு பல்செட் வாங்கிக் குடுடா. டிவிக்கு வெளியில எச்சில் தெறிக்குது."

"அண்ணே, மெதுவா."

"அந்தப் பொம்பளை லாரிக்காரன் பெண்டாட்டிதானே? ரெண்டாங் கல்யாணம் பண்ணிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துப் பக்கம் குடிவந்துட்டாளா?"

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சொல்ல மாட்டேன் என்றார். அப்படியே இருந்திருக்கலாம். ஆனால் அவர் நல்ல மனுஷர். நல்ல மனுஷர்களால் சும்மா இருக்க முடியாது.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதலாளி வீட்டுல பழைய பேப்பர் எடுக்க வரச் சொல்லியிருக்காங்க. பேச்சோட பேச்சா போட்டு வைக்கிறேன். எங்க பையன் ஒத்த ஆளா நின்னு நாலு ஆளு வேலை பாக்குறான், ஒரு ஆள் சம்பளம் குடுத்தா எப்படிங்கன்னு."

"வேண்டாம்ணே. வேலையே போயிடும்."

"ஏன் போகுது? திறமைக்குக் காசு குடுக்க மாட்டாரா? நீ ஒரு வாயில்லாப் பூச்சிடா. நாலு வாய் இருந்தும்."

காலைத் தொட்டுக்கூடக் கேட்டேன். "போடா கூச்சக்காரா" என்று முதுகில் தட்டினார், வலிக்காத இடமாகப் பார்த்து.

அன்றைக்கு எனக்கு வேறு வழி இருந்ததா என்று நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். முதலாளிக்குத் தெரிந்தால் மெத்தைக் கடைக்காரருக்குத் தெரியும். மெத்தைக் கடைக்காரருக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும். மறுபடி அந்தப் பலகை, அந்த மூட்டை. அதுவும்கூடக் கிடைக்காது, அங்கே இப்போது இயந்திரம்.

அன்று மாலை பள்ளிக்கூடத்து அம்மா பேசினார். "பள்ளிக்கூட வாசல்ல யாரோ ஒருத்தன் சாக்கோட சுத்துறான். என் பெரியவன் பயந்து போய் வந்து சொன்னான். இதையெல்லாம் நியூஸ்ல சொல்ல மாட்டீங்களா?" பேர் எதுவும் சொல்லவில்லை. பள்ளிக்கூடக் காவலாள் விரட்டுவான், நீங்கள் கூப்பிட்டு விசாரிப்பீர்கள், அந்தக் கூச்சத்தில் அண்ணன் கொஞ்சநாள் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த முதலாளி தெருப் பக்கம் போக மாட்டார் என்றுதான் நினைத்தேன். நியாயமான நினைப்புதானே.

ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் தையல்காரர் பேசினார். "அந்தம்மா சொன்னது நிஜம். நானும் பார்த்தேன். கையில இரும்புக் கொக்கி வெச்சிருக்கான்." கொக்கியைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அடையாளம் இல்லாமல் ஒரு குறை சொன்னால் அது குறையாகாது. அதற்கடுத்த நாள் வாத்தியார். "போலீஸ் வர்றதுக்குள்ள பிள்ளை போயிடும். ஊருதான் ஊரைப் பார்த்துக்கணும்." மூன்று பேர், மூன்று தெரு. ஒருத்தர் சொன்னால் சொந்தக் கருத்து. மூன்று பேர் சொன்னால் மக்கள் கருத்து.

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. போன் அடித்தது. உண்மையான போன். எடுத்து மாளவில்லை. அவனைப் பார்த்தோம் என்றார்கள். அண்ணன் கால் வைக்காத தெருவிலெல்லாம் பார்த்திருந்தார்கள். ஒரு பெரியவர், அவன் சாக்கு அசைந்தது என்றார். ஒரு பெண் அழுதாள். நேயர் குரல் தொடங்கியதிலிருந்து அதுதான் முதல் தடவையாக நேயர்கள் பேசியது. முதலாளி எனக்குத் தன் கையால் டீ ஊற்றிக் கொடுத்தார்.

அப்போதே நிறுத்தியிருக்கலாம், எனக்கு இனி அந்த மூன்று பேரும் தேவையில்லையே என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை இருந்ததே.

வெள்ளிக்கிழமை காலை அண்ணன் பின்வாசலுக்கு வந்தார். விழுந்து விழுந்து சிரித்தார். "அடப்பாவி, என்னையே பிள்ளை பிடிக்கிறவனா ஆக்கிட்டியேடா. டீக்கடையில எல்லாரும் வாயைப் பிளந்துகிட்டுக் கேக்குறானுக. எனக்குச் சிரிப்பு அடக்க முடியல." கிடங்கில் நான் அவரைக் கேலி செய்வேனே, அப்படி நினைத்துக்கொண்டார். ஊரில் எல்லோரும் அந்தக் குரலுக்குப் பயந்தார்கள். அது என் குரல் என்று தெரிந்த ஒரே ஆள் அவர். அதனால் அவர் மட்டும் பயப்படவில்லை.

போகும்போது நின்றார். "ரெண்டு பேரு ஒரு மாதிரி பாக்குறானுகடா. மத்தியானம் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகவா, வேண்டாமா? பரீட்சை முடிஞ்சிருக்கு, காகிதம் நிறையக் கிடக்கும். போயிட்டு அப்படியே சாயங்காலம் முதலாளி வீடு."

நான் சொன்னேன்: "போங்கண்ணே. உங்களைத் தெரியாதவங்க இந்த ஊர்ல யாரு?"

போனார்.

படம் பிடித்தவர்கள் பலர். எங்கள் ஆபீசுக்குத்தான் முதலில் அனுப்பினார்கள். நானும் பார்த்தேன். அவரிடமிருந்து கொக்கியைப் பிடுங்கிய பிறகு, அவர் ஒரு கையால் தலையை மறைத்துக்கொண்டு, "அது பொம்பளையே இல்லைங்க, அது பொம்பளையே இல்லைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். செய்தி ஆசிரியர், "என்னய்யா சொல்றான்?" என்று கேட்டார். "அந்தம்மாவைத் திட்டுறான் போல" என்றேன். அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டுப் போட்டோம். 'அடையாளம் தெரியாத நபர்' என்று கீழே ஓடியது.

மறுநாள் நேயர் போனில் ஒரு பெண். எடுத்த உடனே தெரிந்துவிட்டது, அண்ணி. நான் ஆபீஸ் குரலில் பேசினேன். அந்தக் குரலை அவர் கேட்டதில்லை.

"ஒரு குறை சொல்லணுங்க."

"சொல்லுங்கம்மா."

"அடையாளம் தெரியாத ஆளுன்னு போட்டுட்டீங்க. அவருக்கு அடையாளம் இருக்குங்க. வீடு இருக்கு, நான் இருக்கேன். அதை மாத்திப் போடுங்க."

"உங்க கருத்தைக் குறிச்சுக்கிட்டோம்மா."

"உங்க ஆபீஸ்லதான் எங்க கொழுந்தன் மாதிரி ஒரு தம்பி வேலை பாக்குது. அவருக்குக் கூடப்பிறந்த தம்பிக்கும் மேல. அதைக் கொஞ்சம் கூப்பிடுங்க. அது சொன்னா நம்புவீங்க."

"அவர் லீவும்மா."

"அப்போ அந்தப் பள்ளிக்கூடத்து அம்மாகிட்டயாவது ஒரு வார்த்தை பேச விடுங்க. சண்டைக்கு இல்லைங்க. நிஜமாவே பாத்தாங்களான்னு கேக்கணும். அவங்களும் பிள்ளை பெத்தவங்க. பொய் சொல்ல மாட்டாங்க."

இல்லை என்று வைத்திருக்கலாம். ஆனால் குறை சொல்ல வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போனேன். நின்றுகொண்டேன்.

"பாத்தேங்க. என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். என் பிள்ளை கையைப் பிடிச்சு இழுத்தாரு."

அண்ணி, "அப்படியாங்க. என்கிட்ட அவரு அப்படி இருந்ததில்லைங்க" என்றார். "மன்னிச்சுடுங்கம்மா. பிள்ளைகளைப் பத்திரமாப் பாத்துக்குங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவ்வளவுதான் ஐயா. அடித்தவர்களை நீங்கள் பிடித்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். பாவம், அவர்கள் டிவி பார்த்தவர்கள். கொக்கி அண்ணனைக் கொன்றது நான்தான். போகலாமா என்று கேட்டவரைப் போங்கள் என்றேன். என்ன நடக்கும் என்று தெரிந்தேதான் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள், எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்த அம்மாவை இங்கே வரவழைக்க வேண்டாம். சின்னவனுக்கு இழுப்பு, விட்டுவிட்டு வர வீட்டில் ஆள் கிடையாது. அதோடு, அந்த அம்மா கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்.