லென்ஸ் இல்லாமல் எடுத்த படங்கள்

மிரர்லெஸ் கேமராவில் பழைய லென்ஸைப் பொருத்துவது பெரிய வேலை இல்லை. நடுவில் ஓர் அடாப்டர் வேண்டும். அலுமினிய வளையம், அவ்வளவுதான். அதன் ஒரு பக்கம் கேமராவில் பூட்டிக்கொள்ளும், மறு பக்கத்தில் லென்ஸ் உட்காரும். கேமரா கம்பெனி செய்யாமல் வேறு யாரோ செய்த மலிவான வளையம் என்றால் அதில் மின்தொடர்பு இருக்காது. முன்னால் லென்ஸ் இருப்பதே கேமராவுக்குத் தெரியாது. ஷட்டரை அழுத்தினால் மறுத்துவிடும். மெனுவுக்குள் போய், லென்ஸ் இல்லாவிட்டாலும் படம் எடுக்கலாம் என்று ஒருமுறை அனுமதி கொடுக்க வேண்டும். அதன் பிறகு அது எதையும் கேட்காது.

இது புரிந்தால் மற்றதும் புரியும், மேடம். நான் ஜெரோம். ஜெனிஷாவின் கணவன். சோமனூர்ப் பக்கம் மாதா கோயில் மணிக்கூண்டிலிருந்து தேர்த் திருவிழா அன்று விழுந்து இறந்தவள் அவள். உங்கள் காவல் நிலையத்தில் அது விபத்து என்று முடிக்கப்பட்டது. உங்கள் மீது தவறு இல்லை. நான் சொன்னதைத்தான் நீங்கள் எழுதினீர்கள்.

பீளமேட்டில் எங்களுக்கு ஒரு ஸ்டுடியோ இருந்தது. இருவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். கல்யாணம், கோயிலில் புதுநன்மை, சீர் என்று எந்த விசேஷத்துக்கும் படம் எடுக்கச் சேர்ந்தே போவோம். நான் புது லென்ஸ்களில் எடுப்பேன். அவை தாமாகவே முகத்தில் கண்ணைத் தேடி ஃபோகஸ் வைத்துக்கொள்ளும். ஜெனிஷா உக்கடத்தில் ரசாக் என்பவரின் கடையில் ஒரு பழைய ஜெர்மன் லென்ஸைக் கண்டெடுத்தாள். முழுக்க உலோகம். ஃபோகஸ் வளையத்தைக் கையால்தான் திருப்ப வேண்டும். அந்த லென்ஸையும் ஓர் அடாப்டரையும் வாங்கிவந்தாள்.

அவள் எடுத்த படங்களில் மனிதர்கள் ஏதோ சொல்ல வாய் திறப்பதற்கு முந்தைய நொடியில் இருந்தார்கள். எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அந்த லென்ஸை அவளிடமிருந்து வாங்கி நானும் எடுத்துப் பார்த்தேன். என் படங்களில் அவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்யாணம். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கப் பெண்ணின் அப்பா மாரப்பன் வந்திருந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, இந்த அம்மணி எடுத்ததெல்லாம் ஆல்பத்துல வெச்சுருங்க. நீங்க எடுத்ததை மொபைல்ல அனுப்பிப்போடுங்க, சொந்தக்காரங்களுக்கு ஆகும்" என்றார். மிகவும் மரியாதையாகச் சொன்னார். அவர் போனதும் ஜெனிஷா என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"கோவிச்சுக்காதீங்க. நீங்க எடுத்தா எல்லாரும் ஆதார் கார்டுல இருக்கறாப்பலயே வந்துபோடறாங்க."

நானும் சிரித்தேன். அவள் சொன்னது சரிதான்.

முதலில் வாங்கிய அடாப்டரில் லென்ஸைப் பூட்டி வைக்கும் சின்ன பின் சீக்கிரமே தேய்ந்துவிட்டது. ரசாக்கிடம் காட்டியபோது நானும் கூட இருந்தேன். ஃபோகஸைக் கடைசி வரை திருப்பினால் லென்ஸும் சேர்ந்து திரும்பி, கழன்று கையோடு வந்துவிடும், தூக்கிப் போடுங்கள் என்றார். அவள் வேறொன்று வாங்கினாள். ஆனால் பழையதைத் தூக்கிப் போடவில்லை. எந்தப் பொருளையும் அவள் போட மாட்டாள். சிவப்பு நகப்பூச்சால் அதன் மேல் ஒரு புள்ளி வைத்து, அலமாரியில் தனியாக வைத்தாள்.

பிறகு அந்தப் புத்தகம் வந்தது. சென்னையில் ஒரு பதிப்பகம் தமிழ்நாட்டுத் தேவாலயத் தேர்களைப் பற்றிப் பெரிய படப் புத்தகம் போட நினைத்தது. ஜெனிஷாவின் படங்களைப் பார்த்திருந்தார்கள். உயரத்திலிருந்து, கூட்டத்துக்கு நடுவே தேர் வரும் ஒரு படம் மட்டும் மாதிரிக்குக் கேட்டார்கள். அது பிடித்துவிட்டால் வேலை அவளுக்கு. ஊர் ஊராகப் போக வேண்டும். ஸ்டுடியோ என்னோடு இருக்கும்.

சாப்பிடும்போது இதைச் சொன்னாள். நீங்களும் வாங்க, சேர்ந்தே சுத்தலாமுங்க என்றாள். நான் வந்து என்ன செய்வது என்று கேட்டேன். எனக்காக உண்மையாகவே யோசித்தாள். தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தாள்.

"லைட்டு புடிக்கலாமுங்க" என்றாள்.

அவள் புண்படுத்தச் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னாள். அதனால்தான் எனக்கு வேறு வழி தெரியவில்லை. எனக்கு வேண்டியிருந்தது மிகச் சிறிய விஷயம். அந்த ஒரு படம் வரக் கூடாது.

திருவிழா அன்று மதியம் அவள் குளிக்கப் போனாள். அவளுடைய நகப்பூச்சு ரிமூவரைப் பஞ்சில் தொட்டு, பழைய வளையத்தின் சிவப்புப் புள்ளியைத் துடைத்தேன். சுலபமாகப் போய்விட்டது. கேமராவிலிருந்து நல்ல வளையத்தைக் கழற்றிப் பையின் அடியில் வைத்தேன். தேய்ந்ததை மாட்டி, லென்ஸைப் பொருத்தினேன். லென்ஸ் கீழே விழுந்து உடையும், அவள் அழுவாள், நான் ஆறுதல் சொல்வேன் என்று நினைத்தேன். என்னென்ன சொல்வது என்பதையும் யோசித்து வைத்திருந்தேன். பிற்பாடு அதே சொற்களை ஊரே என்னிடம் சொன்னது.

திருவிழாவுக்காகக் காலையிலிருந்தே ஊரில் விசைத்தறிகள் ஓடவில்லை. பேண்டு வாத்தியம் தூரத்தில் கேட்டது. பங்குச் சாமியாரிடம் அனுமதி வாங்கி மணிக்கூண்டில் ஏறினோம். மேலே மணிக்கு எதிரே கம்பி இல்லாத திறப்பு. அதற்கு வெளியே ஓர் அடி அகலத்துக்கு விளிம்பு. உள்ளே நின்றால் சுவர் மறைக்கிறது, விளிம்பில் நின்று முன்னால் சாய்ந்தால்தான் தெரு முழுவதும் தெரியும் என்றாள். அந்த லென்ஸுக்கு அவளுடைய இரண்டு கைகளும் வேண்டும். அதனால் கேமராப் பையின் நைலான் பட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு மறுமுனையை என்னிடம் கொடுத்தாள். அது அவள் யோசனை. நான் சொல்லவில்லை.

"கெட்டியா புடிச்சுக்கங்க. மத்தியானம் பிரியாணிய ஒரு கட்டு கட்டிப்போட்டேன், கனமா இருப்பேன்" என்றாள்.

அவள் கனமாக இல்லை. சுவரில் காலை ஊன்றிக்கொண்டு பட்டையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தேன். அவள் அதை நம்பி முன்னால் சாய்ந்தாள். தேர் அப்போதுதான் தெருவின் மறுகோடியில் திரும்பியது. அவ்வளவு தூரத்துக்கு ஃபோகஸ் வளையத்தைக் கடைசி வரை திருப்ப வேண்டும். திருப்பினாள். ரசாக் சொன்னபடியே லென்ஸ் கழன்றது.

அது விழவில்லை. இடக்கையால் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் கையிலிருந்து எதுவும் தவறி விழுந்து நான் பார்த்ததில்லை. அதை யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

பாதி திரும்பி, கேமராவில் மிச்சமிருந்த வளையத்தைப் பார்த்தாள். விரலால் தடவினாள்.

"இது அந்தச் சிவப்பு வெச்சதுங்க. அழிஞ்சுபோச்சாட்ட இருக்குது."

அவள் முகத்தில் சந்தேகம் எதுவும் இல்லை. நான் நன்றாகப் பார்த்தேன். தேர் வர இன்னும் நேரம் இருக்கிறது, நல்ல வளையம் பையில்தானே இருக்கும், மாற்றிக்கொள்ளலாம் என்றாள். மாற்றியிருந்தால் படம் வந்திருக்கும்.

"இந்தாங்க, மொதல்ல லென்ஸை வாங்கிக்கங்க" என்றாள்.

பட்டை கையிலிருந்து வழுக்கிவிட்டது என்று உங்களிடம் சொன்னேன். நைலான் வழுக்கியிருந்தால் உள்ளங்கைத் தோல் உரிந்திருக்க வேண்டும். கீழே கூச்சல் எழுந்தபோது என் கைகளைப் பார்த்தேன். அவை சுத்தமாக இருந்தன. மணிக்கயிற்றை இறுகப் பிடித்து, தோல் கிழியும்வரை உருவினேன். மேலே மணி அடித்தது. உதவிக்காக நான் அடித்ததாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

கல்லறையில் என் மாமனார் சின்னப்பராஜ் அந்தக் கைகளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "கடைசி மட்டும் எம்புள்ளைய உடாம புடிச்ச கைங்க, மாப்பிள்ளை" என்றார். இப்போதும் ஞாயிறு பூசை முடிந்து வந்து கையைக் காட்டச் சொல்கிறார். ஆறிவிட்டது. ஆறியதற்காக ஜெபம் செய்துவிட்டுப் போகிறார். என் மாமியார் அமலி வாசலிலேயே நிற்கிறார்.

கேமராவையும் மெமரி கார்டையும் நீங்கள்தான் திருப்பிக் கொடுத்தீர்கள். விழும்போது அவள் விரல் ஷட்டரில் இருந்திருக்கிறது. கேமரா தொடர்ந்து எடுத்திருக்கிறது. லென்ஸ் இல்லாமல் எடுக்க அனுமதி இருந்தது அல்லவா. அவற்றைப் படம் என்று சொல்ல முடியாது. வெறும் நிறங்கள். மங்கிய நீலம், சுவரின் வெள்ளை, தோரணங்களின் மஞ்சள், பிறகு மண். ஒன்றில் மட்டும் நடுவில் கருமை இருக்கிறது. கேமரா கெட்டுவிட்டது போலிருக்கிறது என்றீர்கள். கெடவில்லை. அது மணிக்கூண்டின் திறப்பு. அதில் நிற்பது நான்.

லென்ஸ் இல்லாமல் உருவம் விழாது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் இப்போது நான் எந்தப் படத்தைத் திறந்தாலும் அந்தக் கருமை வந்து நிற்கிறது. மணப்பெண்ணின் தோளுக்குப் பின்னால் நிற்கிறது. குழந்தையின் தொட்டிலுக்கு மேலே நிற்கிறது. வாடிக்கையாளர்கள் யாருக்கும் தெரிவதில்லை. பெரிதாக்கிப் பார்க்கிறேன். பெரிதாகிறது, தெளிவாவதில்லை.

பதிப்பகத்திலிருந்து இரங்கல் சொல்லிப் பேசினார்கள். அவள் நினைவாக அந்தப் புத்தகத்துக்கு நான் படம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். ஒப்புக்கொண்டேன். அவள் லென்ஸில்தான் எடுக்கிறேன். நல்ல அடாப்டர்தான். படங்கள் நன்றாக வருகின்றன என்கிறார்கள். மனிதர்கள் ஏதோ சொல்ல வருவதுபோல் இருக்கிறார்களாம்.

கேமரா அவளோடு கீழே கிடந்தது. லென்ஸ் மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் எப்படி என்னிடம் இருக்கிறது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் கேட்காததால்தான் நானே உங்களிடம் வந்தேன்.

அன்று மேலே அவள் லென்ஸை நீட்டினாள். அரைக் கிலோகூட இருக்காது. ஒரு கையில் பட்டையைப் பிடித்தபடியே மறு கையால் வாங்கியிருக்கலாம். அவளும் அப்படி நினைத்துத்தான் நீட்டியிருப்பாள். ஆனால் யார் எதைக் கொடுத்தாலும் ஒற்றைக் கையால் வாங்குவது மரியாதை இல்லை என்று சொல்லித்தான் எங்கள் வீட்டில் வளர்த்தார்கள். நான் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன்.