என்னை மட்டும் காப்பாற்றினார் என்று சொல்லாதீர்கள்

ஓடுகிறோம். மணல் காலை இழுக்கிறது. ஒரு பக்கம் கடல். மறுபக்கம் களப்பு, உப்பு நீர் ஏரி. நடுவில் தறப்பாள் கூடாரங்கள். 2009, மாசி மாதம். வெயில் இன்னும் ஏறவில்லை. என் இடுப்பில் மகள் ரூபி. பல் முளைக்காத பிள்ளை. பின்னால் தங்கை மாலா. தலையில் பாய், கையில் தண்ணீர்க் கேன்.

தூரத்தில் பீரங்கியின் ஒரு குத்து. டொம். பிறகு அமைதி. பிறகு கூவல். கூவல் நீண்டால் தலைக்கு மேலே தாண்டிப் போகும். சட்டென்று நின்றால் நமக்குத்தான். வன்னியில் சின்னப் பிள்ளைகளுக்கும் இது தெரியும்.

"செல் வருது. விழுந்து படுங்கோ."

யார் கத்தினார் என்று தெரியாது. பக்கத்தில் ஒரு பங்கர், மணலில் வெட்டிய பதுங்குகுழி. உள்ளே ஏற்கெனவே ஒரு குடும்பம். இன்னும் ஒருவர் ஒடுங்கலாம். மாலா என் தோளைப் பிடித்து உள்ளே தள்ளுகிறாள்.

"அக்கா, நீங்க பிள்ளையோட எறங்குங்க. நான் அந்தப் பனையடியில படுத்துக்கிறேன்."

இறங்கினேன். கூவல் நின்றது.

மண் கொட்டியது. காது அடைத்தது. ரூபியின் மூக்கருகே விரலை வைத்தேன். சுடு மூச்சு பட்டது. அப்பாடா என்றிருந்தது. அதுதான் முதலில் வந்தது. மாலாவின் நினைவு பிறகுதான் வந்தது. நொடிக்கணக்குதான். இத்தனை வருடமாக அந்த நொடிகளைத்தான் சுமக்கிறேன்.

பனையடியில் மூச்சில்லாமல் கிடந்தாள். கேன் உருண்டு கிடந்தது. தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பங்கரில் இருந்த குடும்பம் வெளியே வந்தது. பங்கருக்குள் நான் குந்தியிருந்த இடத்திலேயே அவளைக் கிடத்தினோம். கையால் மண்ணைத் தள்ளினேன். பாதி மூடும்போது மறுபடியும் குத்துச் சத்தம். ஓடினேன். முழுவதும் மூடினார்களா என்று இன்றுவரை தெரியாது.

நாங்கள் மலையகத்து ஆட்கள். அப்பா கொத்மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கலவரத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குத் தீ வைத்தார்கள். பாதுகாப்பைத் தேடி வன்னிக்குப் போனார். கடைசி யுத்தத்துக்கு முன்பே நோயில் போய்ச் சேர்ந்தார். மற்றவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கஞ்சி வாங்க வரிசைக்குப் போன என் கணவர் சிவம் திரும்பி வரவில்லை. அம்மா யுத்தம் முடிந்து எங்களை அடைத்த முகாமில் வயிற்றுப்போக்கில் இறந்தார். முள்வேலிக்கு வெளியே வந்தபோது நானும் ரூபியும்தான்.

மலையகத்தில் றொசல்ல பக்கம் ஒரு தோட்டத்தில் தாய்மாமன் இருந்தார். அவர் லயத்துக்கு வந்தோம். கொழுந்து பறிக்கப் பேர் பதிந்தேன். இங்கே எனக்கு வன்னிக்காரி என்று பெயர். யாராவது கேள்வி கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ரூபி பேசத் தொடங்கியதும் கடையில் சாமான் கேட்கவும் அவளைத்தான் முன்னே விடுவேன். உயிரோடு இருப்பதே இன்னொருத்தியின் இடத்தைப் பிடித்த மாதிரி இருந்தது. அப்படிப்பட்டவள் எதற்குப் பேச வேண்டும்?

மாமாவின் மனைவி ரோஸ் அத்தை தோட்டத்துச் சபைக்குப் போகிறவர். தகரக் கூரை, மரப் பலகைகள், ஒரு சிலுவை. என்னையும் கூட்டிப் போனார். கூட்டிப் பெருக்குவேன். பின் பலகையில் உட்காருவேன். வெள்ளிக்கிழமை சாயந்தரம் பெண்களின் ஜெபக் கூட்டம். ஆளுக்கொரு ஜெபம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். என் முறை வந்தால் ஆமென் என்பேன். பல மாதம் அவ்வளவுதான்.

ஒரு வெள்ளி அப்படிச் சொல்ல முடியவில்லை. முழங்காலில் இருந்தேன். வாய் தானாகத் திறந்தது.

"அவள ஏன் எடுத்த? என்னைய ஏன் விட்ட? பதில் சொல்லு."

கத்திவிட்டேன். கூரைத் தகரம் அதிர்ந்த மாதிரி இருந்தது. கடவுளை இப்படிக் கேட்டவளை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். யாரும் எழும்பவில்லை. ரோஸ் அத்தை என் முதுகில் கை வைத்தார்.

"சொல்லு ஞானம். அவருக்குக் கேக்கட்டும்."

பதில் வரவில்லை. இன்றைக்கும் இல்லை. ஆனால் அடியும் விழவில்லை. என் கோபத்தைக் கேட்டும் அவர் என்னைத் துரத்தவில்லை என்று பட்டது. சிலுவையில் இயேசுவும் ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கதறினார் என்று அத்தை சொன்னார். அப்படியென்றால் என் கேள்வி புதிதல்ல. அவரும் கேட்டதுதான். கடவுளிடமே குரலை உயர்த்தியவளுக்கு மனிதரிடம் என்ன பயம்? தைரியம் அந்த வழியில்தான் வந்தது. மெதுவாக வந்தது. ஞாயிறுகளில் சபை முன் நின்று வேதம் வாசித்தேன். ரூபியின் பிறப்புப் பத்திரம் யுத்தத்தில் போயிருந்தது. பதிவாளர் கந்தோருக்குப் போய் உடைந்த சிங்களத்தில் கேட்டு வாங்கினேன். நாளைக்கு வா என்றவரிடம், இன்றைக்கே வேண்டும் என்றேன்.

ஒன்று மட்டும் முடியவில்லை. ஆராதனையில் எழும்பிச் சாட்சி சொல்வது. கர்த்தர் உன்னைக் காப்பாத்தினாரே, அதைச் சொல்லு என்பார்கள். தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்திருப்பேன். என்னைக் காப்பாற்றினார் என்றால் மாலாவை என்ன செய்தார்? அதைச் சொல்லாமல் இதை எப்படிச் சொல்வது?

சென்ற மழைக்காலம். நாள் கணக்காகப் பெய்தது. ஒரு பகல் கொஞ்சம் விட்டதும் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறினோம். மேலே ஒரு சத்தம். டொம். நான் தேயிலைச் செடிக்குள் குப்புற விழுந்து காதைப் பொத்திக்கொண்டேன். கூவலுக்காகக் காத்திருந்தேன். கூவல் இல்லை. பெரிய லாரி ஒன்று இறங்குவது போல நீண்ட உறுமல்.

"மண்ணு வருது. லயத்துப் பக்கம் மண்ணு போகுது."

எல்லாரும் கீழே ஓடினார்கள். நான் படுத்துக்கிடந்தேன். எழும்பிப் போய்ச் சேர்ந்தபோது லயத்தின் கடைசி இரண்டு காம்பராக்கள், இரண்டு வீடுகள், இல்லை. செல்வி கையால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தாள். என்னோடு ஒரே மலையில் கொழுந்து பறிப்பவள். மகள் தர்ஷினிக்கு அன்று இருமல். பள்ளிக்கூடம் வேண்டாம், வீட்டில் இரு என்று மாமியாரோடு விட்டுவிட்டு வந்திருந்தாள். நானும் தோண்டினேன். என் விரல்களுக்கு அந்த வேலை தெரிந்திருந்தது. போன முறை மண்ணைத் தள்ளி மூடினேன். இந்த முறை அள்ளினேன். இருவரையும் சாயந்தரம் எடுத்தோம். உயிர் இல்லை.

மழை ஓய்ந்தபின் நன்றி ஆராதனை வைத்தார்கள். பாஸ்டர் இளம் ஆள், இரக்கமுள்ளவர். சாட்சி சொல்ல விருப்பமுள்ளவர்கள் எழும்பலாம் என்றார். ஸ்டீபன் அண்ணன் எழும்பினார். அவர் காம்பரா செல்வியினுடையதற்கு அடுத்தது.

"எங்க செவுத்துக்கிட்ட வந்து மண்ணு நின்னுருச்சுங்க. கர்த்தர் கை வச்சு நிப்பாட்டினாரு. நம்புனவங்கள அவரு கைவிட மாட்டாருங்க."

அல்லேலூயா என்றார்கள். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கும் பிள்ளைகள் இருக்கின்றன. அந்தச் சந்தோஷம் எனக்குத் தெரியும். பங்கருக்குள் எனக்கு வந்ததும் அதுதான்.

செல்வி வாசலோரம் உட்கார்ந்திருந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தை மூடினாள். செருப்பைத் தேடினாள்.

நான் எழும்பினேன். ஆண்டவரே, கூட நில்லும் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

"செல்வி, போகாத. இரு."

எல்லாரும் திரும்பினார்கள். சொன்னேன். பங்கரைச் சொன்னேன். பனையைச் சொன்னேன். ரூபி உயிரோடிருப்பது கண்டு முதலில் நிம்மதி வந்ததைச் சொன்னேன். ரூபி அங்கேதான் இருந்தாள். இதை அவளிடம்கூட அதுவரை சொன்னதில்லை.

"என்னைய மட்டும் காப்பாத்துனாருன்னு சொல்லாதீங்க. என் தங்கச்சி என்னைவிட நல்லவ. என்னைவிட நம்பிக்கை உள்ளவ. நம்பாததால யாரும் சாகல. தர்ஷினியும் அப்படிச் சாகல. ஏன்னு எனக்குத் தெரியாது. இயேசுவும் அழுதவரு. நம்மகூடவும் அழுறாரு. அத மட்டுந்தான் நான் நம்புறேன்."

ஸ்டீபன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். செல்வியின் கையில் செருப்பு இருந்தது. அவள் பாஸ்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நான்தான் அக்கா அவள வீட்டுல இருன்னேன்."

"இருமலுக்குத்தானே சொன்ன."

"ஆமா. இருமல்."

அவளுக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். என் குற்ற உணர்வு அன்றோடு போய்விடவில்லை. அவளுடையதும் போகாது. பாஸ்டர் ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டு எங்களிடம் வந்தார். போனவர்களின் பெயர்களைச் சொல்லுங்கள், ஜெபிப்போம் என்றார். அங்கே சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

தர்ஷினி. பள்ளியில் மூன்றாம் ஆண்டில் படித்தவள். அவளுடைய அப்பாயி, செல்வியின் மாமியார் காளியம்மா. என் அம்மா பாக்கியம். என் கணவர் சிவம், உடல் கிடைக்கவில்லை. என் தங்கை மாலா, வயது இருபத்தொன்று. மணலில் ஒரு பங்கர், இடம் மறந்துபோனது. அவளுடைய படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. ரூபிக்குச் சித்தியின் முகம் தெரியாது.