தரையிலேர்ந்து ஒரு சாண்

அய்யோ, அந்த நாற்காலி வேணாம் சார், அது ஒரு பக்கம் சாயும். போன மாசம் ஒருத்தர் காளான் வளக்கறதப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கும்போதே பாதி கீழ போயிட்டாரு. இதுல உக்காருங்க. இன்னும் அரை மணி நேரம் கெடக்கு. சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்து நிக்கிற பேச்சாளர எங்க தோட்டக் கழகம் இப்பதான் பாக்குது. ஆறு வருஷமா நான்தான் செயலாளர். வழக்கமா இந்நேரம் வாசல்ல நின்னு, எங்க சார் வர்றீங்கன்னு ஃபோன்ல கெஞ்சிக்கிட்டு இருப்பேன்.

தண்ணி குடிங்க. நல்ல தண்ணிதான், செடிக்கு ஊத்தறது இல்ல.

எத்தன பேரா? பேச்சுக்கு இருபத்தஞ்சு பேரு, டீக்கு நாப்பது பேரு. மனசுல வெச்சுக்காதீங்க. அப்புறம், செடிக்கு லத்தீன் பேரு மட்டும் சொல்லிடாதீங்க. போன வருஷம் ஒருத்தர் சொல்லிட்டுப் போயிட்டாரு. அதுலேர்ந்து எங்க தலைவர் காய்கறிக்கடையில கீரைக்கட்டுக்குக்கூட அந்தப் பேரச் சொல்லித்தான் கேக்கறாரு. கடைக்காரர் பாவம், எதையோ எடுத்துக் குடுக்கறாரு. அப்புறம் ரெண்டாவது வரிசையில தொப்பி போட்டுக்கிட்டு ஒருத்தர் வருவாரு, பூச்சி சார்னு சொல்லுவோம். நீங்க கெளைய வெட்டிக் கவாத்து பண்றதப் பத்தி ஒரு மணி நேரம் பேசினாலும் அவரு எழுந்து மாவுப்பூச்சிக்கு என்ன பண்றதுன்னுதான் கேப்பாரு. சோப்புத் தண்ணின்னு சொல்லிடுங்க, உக்காந்துடுவாரு.

மத்தபடி எல்லாரும் தங்கமானவங்க. நல்லாத் தலையாட்டுவாங்க, நோட்டுல எழுதிக்குவாங்க, வீட்டுக்குப் போனதும் அவங்க இஷ்டத்துக்குத்தான் வெட்டுவாங்க. நீங்க சொன்னத சொன்னபடி செய்யற ஆளு இங்க ஒருத்தர்தான்.

வராண்டாவுல இருக்கற தொட்டிங்களா? பாத்துட்டீங்களா. அது விக்கறதுக்கு இல்ல சார். நான் சொன்னேனே ஒருத்தர், அவங்களோடது. என் நாத்தனார். என் வீட்டுக்காரரோட அக்கா, அண்ணின்னுதான் கூப்புடுவேன், அடுத்த தெருவுலதான் இருக்காங்க. முப்பத்திரெண்டு தொட்டி. காலையில வண்டி வெச்சுக் கொண்டாந்து இறக்கிட்டுப் போயிட்டாங்க. உங்க பேச்சு முடிஞ்சதும் ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போகலாமாம். இனிமே வீட்டுல ஒரு செடி வெக்க மாட்டாங்களாம். கைராசி இல்லையாம் அவங்களுக்கு. நீங்களே பாத்தீங்களே, கைராசி இல்லாத கை வளத்த செடியா அது?

எல்லாம் ஒரு ரோஜாச் செடியால வந்தது. மஞ்ச ரோஜா, ஒட்டுச்செடி. பதினோரு வருஷம் வளத்தாங்க. வீட்டுக்கு யார் வந்தாலும் மொதல்ல அதத்தான் காட்டுவாங்க, அப்புறந்தான் உக்காரச் சொல்லுவாங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே ஹால்ல ரோஜாக் கவாத்தப் பத்தி ஒரு பேச்சு. தரையிலேர்ந்து ஒரு சாண் விட்டுட்டு மத்ததெல்லாம் வெட்டிடுங்க, பயப்படாதீங்க, நல்லாத் தழையும்னு சொன்னாங்க. எங்க அண்ணி முப்பது வருஷம் தையல்கடை வெச்சிருந்தவங்க சார். எழுந்து நின்னு, ஒரு சாண்னா எத்தன இஞ்சுன்னு கேட்டாங்க. ஹாலே சிரிச்சுது. ஒம்போதுன்னு பதில் வந்துது. எழுதிக்கிட்டாங்க.

மத்தவங்க முட்டி உயரத்துல வெட்டினாங்க, இடுப்பு உயரத்துல வெட்டினாங்க, சில பேரு வெட்டவே இல்ல. எங்க அண்ணி டேப்ப வெச்சு அளந்து, சாக்பீஸால கோடு போட்டு, சரியா ஒம்போது இஞ்சுல வெட்டினாங்க.

முகத்தச் சுளிக்கிறீங்களே, புரிஞ்சுடுச்சா. ஆமா, அந்தச் செடியில ஒட்டு ஒரு அடி உயரத்துல இருந்துது. மஞ்ச ரோஜா மொத்தமும் குப்பைக்குப் போயிடுச்சு, மிஞ்சினது கீழ இருந்த காட்டு ரோஜா. அது நல்லாத்தான் தழைஞ்சுது, முள்ளும் இலையுமா. அதுக்கு எருவப் போட்டு, தண்ணிய ஊத்தி, ஒரு வருஷம் மொட்டு வருதா மொட்டு வருதான்னு தெனம் போய்ப் பாத்தாங்க. கடைசியில நர்சரிக்காரர் ஒருத்தர் வந்து பாத்துட்டு, ஒட்டு போயிடுச்சும்மா, எல்லாம் கைராசின்னு சிரிச்சுட்டுப் போயிட்டாரு. அன்னிக்குப் புடிச்சுது. அதுக்கப்புறம் எந்தத் தொட்டியில ஒரு இலை பழுத்தாலும் என் கைதான், என் கைதான்னு ஒரே புலம்பல்.

அதான் சார், உங்கள விடாம நச்சரிச்சு வரவழைச்சேன். ரோஜான்னா எங்க வெட்டினாலும் ஒட்டுக்கு மேலதான் வெட்டணும், தப்பு வெட்டினவங்க மேல இல்ல, சொன்னவங்க மேலதான்னு நீங்க சொல்லணும். படிச்சவர் சொன்னா நம்புவாங்க.

சொன்னது யாரா? அது எதுக்கு இப்ப. அன்னிக்கு வரவேண்டியவரு பஸ்ஸ விட்டுட்டாரு. ஹால் நெறைய ஆளு. தலைவர் கையப் பெசஞ்சுக்கிட்டு நின்னுட்டு, பக்கத்துல இருந்த ஒருத்தர் கையில மைக்கக் குடுத்துட்டாரு. அவங்களும் ரெண்டு புத்தகம் படிச்ச தைரியத்துல நாப்பது நிமிஷம் வெளுத்து வாங்கிட்டாங்க. கைதட்டல்னா அப்படி ஒரு கைதட்டல்.

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க. நான்தான்.

ஒட்டு விஷயம் அடுத்த மாசமே தெரிஞ்சுடுச்சு எனக்கு, உங்க கட்டுரையிலதான் படிச்சேன். சாயந்தரமே போய்ச் சொல்லிடணும்னுதான் கெளம்பினேன். போனா, அண்ணி பக்கத்து வீட்டுக்காரம்மாகிட்ட, என் தம்பி பொண்டாட்டி பேசி நீங்க கேட்டிருக்கணும், காலேஜ் வாத்தியார்லாம் பிச்சை வாங்கணும்னு சொல்லிக்கிட்டு இருக்காங்க. டீ குடிச்சுட்டுத் திரும்பி வந்துட்டேன். இன்னிக்கு வரைக்கும் அவங்களுக்கு என்மேல ஒரு சந்தேகம் வரல சார். வந்திருந்தா எனக்கு எவ்வளவோ தேவலையா இருந்திருக்கும்.

பேரச் சொல்லாம பொதுவாச் சொல்லிடறேங்கறீங்களா? நல்ல மனசு உங்களுக்கு. நேத்து ராத்திரி வரைக்கும் நானும் அதத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஆனா எங்க அண்ணிய எனக்குத் தெரியும். பேரு வரலேன்னா, அவ சரியாத்தான் சொல்லியிருப்பா, நான்தான் காதுல சரியா வாங்கலேன்னு அதையும் தன் தலையிலயே போட்டுக்குவாங்க. தொட்டியெல்லாம் போயிடும்.

அதனால உங்க பேச்சுல பத்து நிமிஷம் எனக்குக் குடுத்துடுங்க. வரவேற்புரைன்னு எழுந்து நின்னு, பூச்சி சார்லேர்ந்து தலைவர் வரைக்கும் எல்லாரும் இருக்கும்போதே சொல்லிடறேன். எல்லார் முன்னாடியும்தானே தப்பாச் சொன்னேன். ரெண்டு வருஷமா வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்தேன், நான்தான்கிற எடத்துல வாய் ஒட்டிக்கும். முன்னப்பின்னத் தெரியாத ஒருத்தர்கிட்டச் சொன்னா வருதான்னு பாத்தேன், அவ்வளவுதான். வந்துடுச்சு இல்ல? எழுந்திரிங்க சார், அண்ணி வர்றாங்க.