எலுமிச்சை பிழியாத வாளி

“உது பொய் சொல்லுது அக்கா, முதல்ல வாளியை—”

“எது பொய் சொல்லுது? மஞ்சளோ, நீலமோ?”

“எதெண்டால் என்ன, வாளியை ஊத்துங்கோ எண்டுதானே—”

“எதெண்டு தெரியாமல் எப்பிடி ஊத்துறது? ஒரு மூட்டைக் கிழங்கு தம்பி.”

“நீலம் சரியெண்டால் அது நஞ்சு அக்கா.”

“மஞ்சள் சரியெண்டால் அது நல்ல சரக்கு.”

எனக்கும் மகேசனுக்கும் நடந்த சண்டை இவ்வளவுதான். ஃபர்வானியாவில் நான் மெஸ் நடத்திய அந்தச் சமையலறையில் நடந்தது. சமைக்கிற கைக்கு அளவு பிழைக்கக் கூடாது; உப்பைக் கண்ணால் பார்த்தே சொல்வேன். புளிப்பைத்தான் கண்ணால் பார்க்க முடியாது.

நீங்கள் அரபியில் மாற்றிச் சொல்ல வேண்டியிருப்பதால் மெதுவாகச் சொல்கிறேன், தம்பி வெங்கட்ராமன். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பொலிஸ் அதிகாரி களைத்துப் போயிருக்கிறார். அவருக்கு ஒரு தேநீர் கொடுக்கச் சொல்லுங்கள்.

இந்த அரபு நாட்டில் சாராயம் கூடாது என்பது எனக்குத் தெரியும். மெஸ்ஸில் சாப்பிட வரும் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை கேட்பார்கள், நான் ஊறல் போடுவேன். என் சரக்கைக் குடித்து ஒருவருக்கும் தலைகூட இடித்ததில்லை. அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் இவ்வளவும்.

முதலில் திராட்சைச் சாற்றில்தான் போட்டேன். பெட்டி பெட்டியாகச் சாறு வாங்குவதைப் பார்த்துக் கடைக்காரன் சிரிக்கத் தொடங்கினான். உருளைக்கிழங்குக்கு மாறினேன். மெஸ்காரி கிழங்கு வாங்கினால் யார் சிரிப்பார்கள்? மகேசனுக்குத்தான் பயம். அவனும் என்னைப் போல யாழ்ப்பாணம், மெஸ்ஸில் சாப்பிடுகிறவன், நீச்சல் குளம் துப்புரவு செய்யும் கம்பெனியில் வேலை. நெட் கஃபேயில் எதையோ வாசித்துவிட்டு வந்தான். கிழங்கில் போட்ட ஊறல் போதுமான அளவு புளிக்காவிட்டால் அதற்குள் ஒரு விஷம் வளருமாம். நிறத்திலோ மணத்திலோ தெரியாதாம். குடித்தவனுக்குக் கண்மடல் விழும், பார்வை இரண்டாகும், விழுங்க முடியாது, பிறகு மூச்சு நிற்கும். புளிப்பளக்கும் மீற்றரில் நாலரைக்குக் கீழே காட்டினால் பயமில்லை. மேலே காட்டினால் தொடக் கூடாது.

நிறம் மாறிப் புளிப்பைக் காட்டும் காகிதப் பட்டி வேண்டாம் என்றேன். ஊறலின் கலங்கலில் அதன் நிறம் தெரியாது. மீன்தொட்டிக் கடையில் மஞ்சள் மீற்றரை நான் வாங்கினேன். கம்பெனியில் கழித்துவிட்ட நீல மீற்றரை மகேசன் கொண்டுவந்தான். இரண்டிலும் எண்ணைச் சரிபார்க்க ஒரு சின்னத் திருகாணி இருக்கிறது. எதில் வைத்துச் சரிபார்ப்பது? இங்கே தண்ணீர்ப் போத்தலின் லேபிளிலேயே அந்தப் புளிப்பு எண்ணை அச்சடித்திருக்கிறார்கள். போத்தலைத் திறந்து கோப்பையில் ஊற்றி, லேபிளில் உள்ள எண் வரும்வரை இரண்டையும் திருகினோம். நல்ல யோசனை என்று இரண்டு பேருமே மகிழ்ந்தோம்.

பிறகு அன்றைக்குப் போட்ட ஊறலில் வைத்தோம். மஞ்சள் நாலே கால் என்றது. நீலம் ஐந்தைத் தாண்டியது. கழுவித் துடைத்துத் திரும்பவும் வைத்தோம். அதே கதை. அப்போதுதான் அந்தச் சண்டை.

கடைசியில் மகேசன் இறங்கி வந்தான்.

“சரி, ஊத்த வேண்டாம். இப்பவே கொஞ்ச எலுமிச்சம்பழம் பிழிஞ்சு விடுங்கோ. ரெண்டு மீற்றரும் நாலுக்குக் கீழ வந்திடும். சோலி முடிஞ்சுது.”

“பிழியிறன்,” என்றேன்.

எலுமிச்சை கூடையில் இருந்தது. பிழியவில்லை. யோசித்துப் பாருங்கள் தம்பி, பிழிந்திருந்தால் இரண்டு மீற்றரும் ஒத்துப்போயிருக்கும். எது சரி, எது பிழை என்று கடைசிவரை தெரியவே வந்திராது. அடுத்த வாளிக்கும் இதே சண்டை, அதற்கடுத்த வாளிக்கும் இதே சண்டை. ஒரு நல்ல மீற்றர் கையில் இருந்தால் எத்தனை பேருக்குப் பாதுகாப்பு என்பதை அதிகாரிக்குச் சொல்லுங்கள்.

வாளியை மூடி வைத்தேன். ஊறல் அடங்கியதும் காய்ச்சாமல் துணியில் வடித்தேன். பார்வைக்கு நன்றாகவே இருந்தது.

மெஸ்ஸில் எல்லோருக்கும் கொடுக்கவில்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை. ஒருவன் போதும். எங்கள் கட்டடத்துக் காவலாளி ராக்கப்பன், பரமக்குடிப் பக்கம், மாடிப்படிக்குக் கீழே தனி அறையில் இருந்தவன். அறையில் கூட்டாளி இல்லை, அதனால் அவன் வேறு யாருக்கும் ஊற்றிக் கொடுக்க மாட்டான். என்னை ஆத்தா என்றுதான் கூப்பிடுவான். வெள்ளிக்கிழமை மத்தியானம் சோற்றோடு ஒரு போத்தலும் கொண்டுபோனேன்.

“என்ன ஆத்தா, அந்த மீட்டர்க் குச்சிய வச்சுப் பாத்தியா? சரக்குக்குக் காய்ச்சல் கீச்சல் இல்லையே?”

“பாத்தனான். குடி.”

“உருளக்கெழங்கு வாடை அடிக்குதே. மூடியத் தொறந்தா மசால் தோசை வரும்போல.”

சிரித்துக்கொண்டே குடித்தான். நான் ஏன் குடித்துப் பார்க்கவில்லை என்று அதிகாரி கேட்பார். எனக்குக் குடிப் பழக்கம் கிடையாது.

அடுத்த நாள் சாப்பாடு கொண்டுபோனபோது ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“ஆத்தா, நீ ரெண்டாத் தெரியுற. ரெண்டு ஆத்தா வந்தா ரெண்டு பங்கு கறியில்ல வரணும்?”

நான் அவன் கண்மடலைப் பார்த்தேன். கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆனால் தூக்கம் கெட்டாலும் கண்மடல் இறங்கும். ஒரு குறியை வைத்து முடிவு சொல்லக் கூடாது. தண்ணீர் குடிக்கச் சொன்னேன். குடித்த தண்ணீர் மூக்கால் வந்தது. அவன் பயந்துவிட்டான். குரல் மூக்குக்குள் போயிருந்தது.

“என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ ஆத்தா. ஜெயில்ல போட்டாலும் போடட்டும்.”

“போனால் மணந்து பாத்துப் பிடிச்சு ஊருக்கு அனுப்பிப் போடுவாங்கள். கொஞ்சம் பொறு.”

அவன் பொறுத்தான். நான் சொன்னால் கேட்பான்.

“அப்பவே ஏம்மா ஆம்புலன்ஸுக்கு ஃபோன் பண்ணலை?” என்று நீங்கள் இப்போது கேட்டீர்கள். இது அதிகாரியின் கேள்வியா, உங்கள் கேள்வியா தெரியவில்லை. பதில் ஒன்றுதான். மூச்சுத்தான் கடைசிக் குறி. அதையும் பார்க்காமல் எழுந்து போயிருந்தால் அதுவரை பார்த்ததெல்லாம் அரைகுறை. அவன் பக்கத்திலேயே இருந்தேன். வாய் துடைத்துவிட்டேன், விசிறினேன். பெற்றவள்கூட அப்படி இருந்திருக்க மாட்டாள். கைகால் விழுந்த பிறகும் அவன் புத்தி கலங்கவில்லை. கண் திறக்க முடியாவிட்டாலும் காது கேட்டது. ஆகவே அவனுக்குத்தான் முதலில் சொன்னேன்.

“நீலம்தான் சரி, ராக்கப்பன்.”

அவன் விரல்நுனி மட்டும் அசைந்தது. விளங்கிக்கொண்டான் என்றே நினைக்கிறேன்.

மகேசன் வேலை முடிந்து மெஸ்ஸுக்கு வந்ததும் மேலே போய் அவனிடமும் சொன்னேன். அவன் கொண்டுவந்த மீற்றர்தானே வென்றது, சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன்.

“எப்பிடித் தெரியும்?” என்றான்.

“ராக்கப்பனைப் போய்ப் பார்.”

“எலுமிச்சை பிழிஞ்சனீங்கள்தானே அக்கா?”

நான் எலுமிச்சைக் கூடையைக் காட்டினேன். அவன் படியில் இறங்கி ஓடிய சத்தம் கேட்டது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவன் அவன்தான். கூப்பிட்டால் தானும் அகப்படுவோம் என்று தெரிந்தே கூப்பிட்டான். வண்டி வந்தபோது ராக்கப்பன் முடிந்திருந்தான். இப்போது அடுத்த அறையில் அழுகிறவன் மகேசன்தான். அவனை விட்டுவிடச் சொல்லுங்கள். எலுமிச்சை பிழியச் சொன்னவன் அவன். பிழியாதவள் நான். விஷமாக இருக்கலாம் என்று தெரிந்து கொடுத்தவளும், அது விஷம்தான் என்று தெரிந்த பிறகு பக்கத்தில் இருந்து பார்த்தவளும் நான். இதை அப்படியே எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

நான் முடித்த பிறகு அதிகாரி ஒரு காகிதத்தைப் புரட்டி உங்களிடம் நீளமாக ஏதோ சொன்னார். நீங்கள் தண்ணீர் குடித்தீர்கள். பிறகுதான் சொன்னீர்கள்.

“அம்மா, ரெண்டு மீட்டரையும் லேப்ல பார்த்துட்டாங்களாம். ரெண்டுமே நல்ல மீட்டராம். நீங்க பாட்டில் தண்ணில வச்சுத் திருகினதுதான் தப்பாம். அந்தத் தண்ணில எந்த மீட்டரும் ஒரு எண்ல நிக்காதாம். அதுக்குன்னு ஒரு திரவம் இருக்காம். அதுல வச்சுத் திருகினதும் ரெண்டும் ஒரே எண்ணைத்தான் காட்டுச்சாம்.”



“அந்தத் திரவம் ஃபர்வானியாவில எந்தக் கடையில விக்கிறாங்கள் எண்டு அவரிட்டக் கேட்டுச் சொல்லுங்கோ, தம்பி.”